அனுப்ப மட்டும் அனுமதி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வணிகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் புதுச் சரக்கு வரவையும் பண்டிகைக் காலத் தள்ளுபடிகளையும் மின்னஞ்சல் வழியாகத் தெரிவிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாட்ஸ்அப் ஒன்றையே நம்பிக் கடை நடத்துகிறவர்களுக்கு அது பயனுள்ள யோசனைதான். ஆனால் கையில் இருக்கும் ஜிமெயில் கணக்கை ஏதாவது ஒரு மெயில் அனுப்பும் சேவையோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது, இரண்டு நிமிடம் போதும் என்று அதில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனெனில் கட்டுரையின் மற்ற யோசனைகள் எல்லாவற்றையும் விட அதைத்தான் வாசகர்கள் முதலில் செய்து பார்ப்பார்கள்.

தண்டையார்பேட்டையில் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், தட்டச்சு, இணையவழி விண்ணப்பங்கள் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறிய பணியகம் ஒன்றை நடத்தி வருகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர்கள், காசிமேட்டில் வலையும் கயிறும் விற்பவர்கள், திருவொற்றியூர்ப் பக்கம் லேத் பட்டறை நடத்துபவர்கள், பெரம்பூரில் டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் எங்களிடம் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு ஜிமெயில் கணக்குதான். முதன்முதலாக ஆண்ட்ராய்டு போன் வாங்கிய அன்று மகனோ மகளோ திறந்து கொடுத்த அந்தக் கணக்குதான் இன்று கடைக்கும் வீட்டுக்கும் பொது முகவரி. ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. அதற்குத்தான் வருகிறது. வருமான வரித் துறையின் அறிவிப்பு, வங்கிக் கணக்கு அறிக்கை, மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிக் கடிதம், மருத்துவப் பரிசோதனை முடிவு எல்லாம் அங்கேதான் குவிகின்றன. பல தளங்களில் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொன்னால் புதியது அமைப்பதற்கான இணைப்பு வந்து விழுவதும் அதே இன்பாக்ஸில்தான். ஆகவே அந்தக் கணக்கைப் படிக்கும் உரிமை யாருக்குக் கிடைக்கிறதோ, அவருக்கு மற்றக் கணக்குகளுக்கும் பாதி வழி திறந்துவிடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் ஒரு கணக்கை வெளிச் சேவையோடு இணைப்பதைப் பார்க்க வேண்டும். இணைக்கும் வழிகளும் ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரு பொத்தானை அழுத்துவதுபோல் தெரிந்தாலும், உள்ளே நடப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

பரவலாக இருப்பது, கூகுளின் அனுமதித் திரை வழியாக இணைக்கும் முறை. ஓஆத் எனப்படும் இந்த முறையின் இரண்டாம் பதிப்பு 2012-இல் தரநிலையாக வெளியானது. நம் கடவுச்சொல்லை வெளிச் சேவைக்குச் சொல்லாமலேயே, குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் நம் பெயரில் செய்ய அதற்கு ஒரு டோக்கன், அதாவது மின்னணு அனுமதிச் சீட்டு, கொடுப்பதே இதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எல்லாம் அந்தக் குறிப்பிட்ட வேலைகள் எவை என்பதில்தான் இருக்கிறது. நம் சார்பில் மெயில் அனுப்புவதற்கு மட்டுமான அனுமதி என்று ஒன்று ஜிமெயிலில் தனியாக உண்டு. அதைப் பெற்ற சேவையால் நம் இன்பாக்ஸில் ஒரு மடலைக்கூடத் திறந்து பார்க்க முடியாது. இன்னொரு அனுமதியும் உண்டு: ஜிமெயிலில் உள்ள எல்லா மடல்களையும் படிக்கவும், எழுதவும், அனுப்பவும், நிரந்தரமாக நீக்கவும் இசைகிறேன் என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே வெள்ளைத் திரையில், ஒரே அளவு எழுத்தில், அடியில் ஒரே மாதிரிப் பொத்தானோடுதான் வருகின்றன. கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்? பால் வாங்கி வரச் சொன்ன ஆளுக்கு வீட்டுப் பத்திரத்தின் மேல் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்த கதையாகத்தான் அது முடிகிறது.

கூகுளே இந்த இரண்டையும் வெவ்வேறு தரத்தில்தான் வைத்திருக்கிறது. அனுப்ப மட்டுமான அனுமதியைக் கவனத்துக்குரியது என்றும், படிக்கும், நீக்கும் அனுமதிகளைக் கட்டுப்படுத்தப்பட்டவை என்றும் அது வகைப்படுத்துகிறது. இரண்டாவது வகையைக் கேட்டு, அந்தத் தரவைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும் சேவைகள் வெளியாரின் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்பது அதன் விதி. சில திரைகளில் ஒவ்வோர் அனுமதிக்கும் எதிரே ஒரு சிறு கட்டம் இருக்கும். வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம். இப்படி ஒரு வசதி இருப்பதைக் காட்டினால் எங்களிடம் வருபவர்களில் பலர் வியப்படைகிறார்கள். படிக்கும் அனுமதியை நீக்கிவிட்டுத் தொடர்ந்தால் சில சேவைகள் மறுபடியும் அதையே கேட்டு நிற்கும். அப்படிக் கேட்கும் சேவைக்கு அது எதற்காகத் தேவை என்று கேட்க வேண்டும். நியாயமான காரணமும் இருக்கக்கூடும்; பதில் எழுதிய வாடிக்கையாளருக்கு மறுநாள் நினைவூட்டல் போகாமல் நிறுத்த, பதில் வந்ததா என்று அந்தச் சேவை பார்த்தாக வேண்டும். ஆனால் தீபாவளிச் சேலை வரவைத் தெரிவிக்கும் கடைக்கு அப்படி ஒரு தேவை எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொரு திரை. இந்தச் செயலியைக் கூகுள் சரிபார்க்கவில்லை என்று சிவப்பு முக்கோணத்தோடு ஓர் எச்சரிக்கை வரும். அதில் பளிச்சென்று தெரியும் பொத்தான் நம்மைத் திரும்பிப் போகச் சொல்லும். மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு சொல்லை அழுத்தினால், பாதுகாப்பற்றது என்ற குறிப்போடு தொடர்ந்து செல்லும் வழி திறக்கும். யூடியூபில் தமிழிலேயே விளக்கும் சிலர், அந்தச் சிறிய எழுத்தைச் சுட்டிக்காட்டி, இதை அழுத்திவிடுங்கள், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தானே எழுதிய நிரலைத் தன் கணக்கில் சோதித்துப் பார்ப்பவருக்கு அது சரி. முன்பின் தெரியாத சேவைக்கு அந்தக் கதவைத் திறந்துவிடச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

எங்கள் மெயிலைப் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் 3-ஆம் தேதி, கூகுள் டாக்ஸ் என்ற பெயரையே சூட்டிக்கொண்ட ஒரு போலிச் செயலி, உங்களோடு ஓர் ஆவணம் பகிரப்பட்டுள்ளது என்ற மடலோடு உலகெங்கும் பரவியது. அதை அழுத்தியவர்களிடம் அது கடவுச்சொல் கேட்கவில்லை. கூகுளின் உண்மையான அனுமதித் திரையையே காட்டி, மெயிலையும் தொடர்பு முகவரிகளையும் கையாளும் அனுமதியைப் பெற்று, அந்தத் தொடர்புகள் அத்தனை பேருக்கும் அதே மடலை அனுப்பியது. சுமார் ஒரு மணி நேரத்துக்குள் கூகுள் அதைத் தடுத்துவிட்டாலும், திரை உண்மையானது என்பதால் மட்டும் கேட்பவர் யோக்கியர் ஆகிவிடமாட்டார் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கேட்பவர் நேர்மையானவராகவே இருந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. 2025 ஆகஸ்டில் சேல்ஸ்லாஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிரிஃப்ட் என்னும் இணையதள அரட்டைச் சேவையிலிருந்து, வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்திருந்த ஓஆத் டோக்கன்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்க சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் தரவு வெளியேறியது. டிரிஃப்ட்டின் மெயில் இணைப்பை ஏற்படுத்தியிருந்த மிகச் சில கூகுள் வொர்க்ஸ்பேஸ் (நிறுவனங்களுக்கான கூகுள்) கணக்குகளின் மடல்களும் அந்தத் திருட்டு டோக்கன்களைக் கொண்டு பார்க்கப்பட்டன என்று கூகுளே அறிவித்தது. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் யாரும் கடவுச்சொல்லைத் தொலைக்கவில்லை, போலி இணைப்பை அழுத்தவுமில்லை. டோக்கன் இருந்த இடம்தான் உடைந்தது. தனியாகப் பாதுகாப்புப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், எத்தனை சேவைகளுக்கு அனுமதி கொடுத்தோம் என்ற கணக்கே இல்லாத நம் கடைக்காரரைப் பற்றி என்ன சொல்வது?

இனி, அனுமதித் திரையே இல்லாத முறைக்கு வருகிறேன். பழைய பில்லிங் மென்பொருள்கள், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரங்கள் போன்றவற்றுக்கு ஓஆத் தெரியாது. முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டு நேராக மெயிலை அனுப்பிவைக்கும் எஸ்எம்டிபி சர்வரில் நுழைய மட்டுமே தெரியும். 2022 மே மாத இறுதி வரை, பாதுகாப்புக் குறைந்த செயலிகளுக்கு இடம் கொடு என்ற ஒரு தெரிவை ஜிமெயிலில் இயக்கிவிட்டால் சாதாரணக் கடவுச்சொல்லையே அவற்றுக்குக் கொடுக்க முடிந்தது. தனிநபர் கணக்குகளுக்கு அதைக் கூகுள் நிறுத்திய பிறகு வழக்கத்துக்கு வந்தது ஆப் பாஸ்வேர்டு. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனையும் வைக்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் 16 எழுத்துக் கடவுச்சொல் அது. நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்துக் காட்டப்படும்; ஒரே ஒரு முறைதான் காட்டப்படும்.

அந்த ஒரு முறைதான் வினையே. மறுபடியும் பார்க்க முடியாது என்பதால் எல்லோரும் அதை எங்கேயாவது எழுதி வைக்கிறார்கள். கல்லாப் பெட்டிக்கு மேலே, பெருமாள் படக் காலண்டரின் ஓரத்தில் அந்த 16 எழுத்தும் பேனாவால் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மென்பொருளை நிறுவ வந்த பையனின் வாட்ஸ்அப்பில் அது ஒரு மெசேஜாகக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். பலரும் நினைப்பதுபோல் இது அனுப்புவதற்கு மட்டுமான கடவுச்சொல் அல்ல. அதே 16 எழுத்தைக் கொண்டு, மடல்களைப் படிக்க உதவும் ஐமேப் என்ற வழியாக இன்பாக்ஸ் முழுவதையும் வேறு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். அப்படி நுழைபவரிடம் இருபடிச் சரிபார்ப்பு எண் எதுவும் கேட்கப்படுவதில்லை. பூட்டை இரட்டிப்பாக்குவதற்காகச் செய்த ஏற்பாடு, இதைக் கொடுத்த மாத்திரத்தில் இல்லாததுபோல் ஆகிறது. வேறு வழியே இல்லாத பழைய மென்பொருளுக்காக ஆப் பாஸ்வேர்டு தேவைப்பட்டால், பில் அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு கணக்கைத் திறந்து, அதற்கு உண்டாக்கிக் கொடுப்பதே சரி. அந்த இன்பாக்ஸில் திருட எதுவும் இருக்காது.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. இதில் கணக்குக்குள் யாரும் நுழைவதில்லை. மெயில் அனுப்பும் சேவை நம் ஜிமெயில் முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பும். அதை அழுத்தினால் முகவரி நம்முடையதுதான் என்று ஏற்றுக்கொண்டு, தன்னுடைய சர்வரிலிருந்து நம் பெயரைப் போட்டு மடல்களை அனுப்பத் தொடங்கும். அந்தரங்கத்துக்கு இதில் ஆபத்து குறைவு என்பதால் நிம்மதியாக இருக்கத் தோன்றும். ஆனால் போன மடல்கள் எங்கே போய் விழுகின்றன என்று பார்த்தால் அந்த நிம்மதி நிலைக்காது.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநர் என்று எழுதியிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று சோதிக்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஓட்டையைப் பிற்காலத்தில் அடைக்க வந்தவையே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும். இந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று எஸ்பிஎஃப் பதிவு அறிவிக்கிறது. ஒவ்வொரு மடலிலும் டொமைன் ஒரு மின்னணுக் கையொப்பம் இட டிகேஐஎம் வழி செய்கிறது. பெறுபவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனும், இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றில் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க்.

நம் கடைக்காரரின் மடல் ஜிமெயில் முகவரியோடு வருகிறது. ஆனால் புறப்பட்டது வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து, கையொப்பமும் அந்த நிறுவனத்துடையது. ஜிமெயிலின் கையொப்பத்தை உலகில் வேறு எவரும் இட முடியாது. அதனால் அந்த நிறுவனத்தின் டொமைனுக்கு எஸ்பிஎஃப் தேறும், டிகேஐஎம்மும் தேறும்; அது ஜிமெயில் டொமைனோடு பொருந்தாததால் டிமார்க் மட்டும் தோற்கும். பெரம்பூர் டியூஷன் சென்டர் ஒன்று தேர்வு அட்டவணையைப் பெற்றோருக்கு இப்படி அனுப்பியபோது, பலர் வரவேயில்லை என்றார்கள். ஒரு பெற்றோரின் போனில் ஸ்பேம் பகுதியைத் திறந்தால் மடல் அங்கே கிடந்தது. பிறகு கணினியில் அந்த மடலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தபோது, மேலே இருந்த சிறு அட்டவணையில் முதல் இரண்டு வரியும் தேர்ச்சி, மூன்றாவது வரி தோல்வி. சென்டர் நடத்துபவர் அதுவரை போன் நிறுவனத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இது புதிதாக முளைத்த கட்டுப்பாடும் அல்ல. யாகூ 2014 ஏப்ரலிலேயே தன் முகவரிகளுக்குக் கடுமையான டிமார்க் கொள்கையை அறிவித்து, வெளி சர்வர்களிலிருந்து யாகூ முகவரியோடு வரும் மடல்களைத் திருப்பிவிடச் சொன்னது. கூகுளும் யாகூவும் சேர்ந்து 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்திய விதிகளில், ஜிமெயில் முகவரியைப் பிறர் அனுப்புநராகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும். ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்வோர் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகு சில சேவைகள், ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் தாங்களே அனுப்புநர் முகவரியை மாற்றித் தங்கள் டொமைனைப் போட்டுவிடுகின்றன. மடல் போய்ச் சேரும். ஆனால் தெரிந்த கடையின் பெயருக்கு எதிரே தெரியாத முகவரி இருப்பதைப் பார்த்து வாடிக்கையாளர் திறக்கத் தயங்குவார். இன்றைய சூழலில் அந்தத் தயக்கம் நல்லதே.

அப்படியென்றால் ஜிமெயில் சர்வர் வழியாகவே அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், டிமார்க்கும் தேறும். ஆனால் தனிநபர் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 மடல் என்ற அளவில் கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. வெளிச் சேவை அனுப்புவதும் நாம் கையால் அனுப்புவதும் ஒரே எண்ணிக்கையில்தான் சேரும். காலையில் விளம்பர மடல்கள் அந்த அளவைத் தீர்த்துவிட்டால், மாலையில் ஆடிட்டருக்கு ஒரு பில் அனுப்ப முடியாது. தடை நீங்க 24 மணி நேரம் வரை ஆகலாம். மாதம் 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. தாக்கலின் கடைசி நாளில் இது நேர்ந்தால் என்ன பாடு என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆக, தொடர்ந்து மெயில் அனுப்ப விரும்பும் கடைக்குச் சரியான வழி சொந்த டொமைன்தான். ஆண்டுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு நல்ல சேலையின் விலைக்கும் குறைவே. டொமைனை வாங்கி, மெயில் அனுப்பும் சேவை தரும் பதிவுகளை டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டால் அந்தச் சேவை நம் டொமைன் பெயரில் முறையாகக் கையொப்பம் இடும். நம் தனிப்பட்ட இன்பாக்ஸ் அதன் கண்ணிலேயே படாது. பதில் வர வேண்டிய முகவரியாக மட்டும் ஜிமெயிலைக் குறிப்பிட்டால், வாடிக்கையாளர் எழுதும் பதில் வழக்கம்போல் போனிலேயே வந்துவிடும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே மெயில் வசதிக்காக ஒன்று இருக்கும்போது, புதுச் சேவைக்காக இன்னொரு வரியைத் தனியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். இருக்கும் வரிக்குள்ளேயே புதியதையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று, டொமைன் கடைக்காரரின் பெயரிலும் போன் எண்ணிலும் பதிவாக வேண்டும். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துகொண்டு பிறகு ஊர் மாறிப் போனதால், புதுப்பிக்க வழியின்றிக் கடையின் பெயரையே இழந்தவர்கள் எங்கள் பகுதியில் உண்டு.

பெறுநர் பட்டியலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இணைக்கும்போது சில சேவைகள் தொடர்பு முகவரிகளை இறக்குமதி செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்றால் வக்கீல், டாக்டர், பள்ளித் தலைமையாசிரியர், சம்பந்தி வீட்டார் என்று அத்தனை பேருக்கும் சேலை விளம்பரம் போகும். அவர்களில் யார் ஸ்பேம் என்று அழுத்தினாலும் பாதிப்பு அனுப்பியவருக்குத்தான். இதைவிட முக்கியம், அவர்களின் முகவரிகளை வெளியாருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு உரியவரின் சம்மதம் சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்து கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. கல்லாவில் வைத்திருக்கும் நோட்டில் பெயரோடு முகவரி எழுதிக் கொடுத்தவர் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா, பில்லுக்காகக் கொடுத்தாரா என்பதற்கு அந்த நோட்டில் ஒரு கட்டம் போட்டுக் கேட்டாலே போதும்.

ஏற்கெனவே இணைத்துவிட்டவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், வெளிச் செயலிகள் மற்றும் சேவைகளுடனான இணைப்புகள் என்ற இடத்தைத் திறந்தால், யார் யாருக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். எப்போதோ ஒருமுறை விளையாடிய கேம், வேலைக்கு விண்ணப்பித்த தளம், இலவசமாகக் காலண்டர் தருவதாகச் சொன்ன சேவை எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, தேவையில்லாததை நீக்கிவிடலாம். ஆப் பாஸ்வேர்டுகளையும் அதேபோல் தனித்தனியாக ரத்து செய்யலாம்; முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அவை தாமாகவே செல்லாமல் போகும். ஆனால் அனுமதியை நீக்குவது இனிமேல் படிப்பதைத்தான் தடுக்கும். அதற்குமுன் அந்தச் சேவை தன் சர்வருக்கு எடுத்துக்கொண்டது அங்கேயேதான் இருக்கும். அதை அழிக்கச் சொல்லித் தனியாக எழுத வேண்டும். பணம் இழந்ததாகவோ கணக்கு தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைப்பதோடு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிய வேண்டும்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள், இத்தகைய சேவைகளைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளில், எந்த முறையில் இணைக்கிறார்கள், என்ன அனுமதி கேட்கிறார்கள் என்ற இரண்டையும் கட்டாயம் குறிப்பிடச் செய்ய வேண்டும் என்பதே. அந்த அனுமதித் திரையின் படத்தைத் தமிழ் விளக்கத்தோடு ஒருமுறை வெளியிட்டாலும் பெரிய உதவியாக இருக்கும். சிறுதொழில் செய்வோருக்கு டிஜிட்டல் விற்பனைப் பயிற்சி நடத்தும் அரசு அமைப்புகளும் தனியார் மையங்களும், முதல் நாள் வகுப்பிலேயே பயிற்சிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகே இணைக்கும் முறையைக் கற்றுத் தரலாம். வகுப்பில் எல்லோரும் தங்கள் சொந்த ஜிமெயிலில்தான் செய்து பார்க்கிறார்கள். வகுப்பு முடிந்த பிறகும் அந்த அனுமதி அப்படியே நிற்கிறது.

பில்லிங் மென்பொருள் விற்பவர்களிடமும் ஒரு மாற்றம் தேவை. நிறுவ வரும் ஊழியர் வாடிக்கையாளரின் ஆப் பாஸ்வேர்டைத் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது, அடுத்த முறை தொந்தரவு இருக்காது என்ற நல்லெண்ணத்தில்கூட இருக்கலாம். அதை நிறுத்தச் சொல்லி வடசென்னை வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், எம்.சி. சாலைக் கடைகளில் பாதிக்காவது அது போய்ச் சேரும். அதற்கான வாசகத்தைப் படங்களோடு தமிழில் எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். விரும்பும் சங்கங்கள் தங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.